சகலை வாங்கிய ஆட்டோமேட்டிக்

என் சகலை பஹ்ரி ஒரு பொருள் வாங்கக் கிளம்பினால், அதை வாங்கி முடிப்பதற்குள் கடைக்காரன் பேரன் எடுத்துவிடுவான் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை. ஒரு ஜோடி பூட்ஸுக்காக அயான்ஜிக் டவுனில் இரண்டு குளிர்காலம் விசாரித்தவர் அவர். முதல் குளிர்காலம் முழுக்கக் கிழிந்த பூட்ஸோடுதான் பனியில் நடந்தார். அவருடைய மனைவி முனிரேயும் என் மனைவி நதிதேயும் அக்கா தங்கை. மாமனார் வீட்டில் கிடைத்த விருந்தையும் வசவையும் இருபத்தைந்து வருஷமாக அவரோடு சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டவன் நான். அவரைப் பற்றிப் பேச என்னைவிட உரிமை உள்ளவன் யாருமில்லை.

அவருக்குத் தொழில் மினிபஸ் ஓட்டுவது. காலையில் மலையிலிருந்து டவுனுக்கு, சாயங்காலம் டவுனிலிருந்து மலைக்கு. முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. ஆனால் வண்டிக் கதவை யாராவது படாரென்று அறைந்தால் போச்சு. இன்ஜினை நிறுத்துவார், இறங்குவார், வண்டியைச் சுற்றி வந்து கதவைத் திறப்பார். பிறகு, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுவதுபோல் அதை மெல்லச் சாத்திக் காட்டி, "இப்படி" என்று ஒரு சொல் சொல்வார். ஒருமுறை வனத்துறை அதிகாரிக்கும் இந்தப் பாடம் நடந்தது. வீட்டிலும் அப்படித்தான். அலமாரி, அடுப்பு மூடி, கோழிக்கூடு எல்லாம் அவர் கையில் ஓசையில்லாமல் மூடிக்கொள்ளும்.

எங்கள் சோளக் கொல்லைகள் காட்டுக்குக் கீழே படிப்படியாக இறங்குகின்றன. மேலே செஸ்ட்நட் மரங்கள், அதற்குள் காட்டுப்பன்றிகள். பன்றியை நாங்கள் தின்பதில்லை, தொடுவதுகூட இல்லை. அது மட்டும் கூச்சமே இல்லாமல் எங்கள் சோளத்தைத் தின்கிறது. ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் ஒரு வீட்டின் வருஷச் சாப்பாடு தரையோடு தரை. அதனால்தான் குளிர்காலத்தில் வாரம் ஒரு நாள் விரட்டு வேட்டை.

வேட்டைக்குத் தலைவர் ராசிம் அண்ணன். துப்பாக்கிக்காரர்கள் ஒன்பது பத்துப் பேரை மேட்டு வரிசையில் அவரவர் இடத்தில் நிறுத்துவது அவர் பொறுப்பு. கொம்பு ஊதும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. நான் துப்பாக்கி பிடிப்பவன் இல்லை. எனக்கு ஒரு தடி, நான்கு நாய்கள், கடவுள் கொடுத்த தொண்டை. கீழேயுள்ள புதருக்குள் நாய்களோடு நுழைந்து கத்திக்கொண்டே மேலேறுவேன். உள்ளே இருப்பதெல்லாம் கடைசியில் ஓடைவாய் என்கிற இடத்தில்தான் வெளியே வரும். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை ஓடும் இடுக்கு அது. முன்னால் பன்றி வரும், பின்னால் நான் வருவேன். அதனால் மற்ற இடங்களுக்கெல்லாம் ராசிம் அண்ணன் ஆள் போட்டாலும், ஓடைவாயில் நிற்கப் போவது யார் என்பதைப் புதருக்குள் போகிறவன்தான் சொல்ல வேண்டும். உயிர் அவனுடையது, ஆகவே பேரும் அவன் சொல்வது. இது எங்கள் பக்கத்துச் சட்டம்.

பதினெட்டுக் குளிர்காலமாக நான் சொன்ன ஒரே பேர் பஹ்ரி. சகலைக்குச் சலுகை என்று டீக்கடையில் கிண்டல் செய்வார்கள். சலுகை கொடுக்க அது என்ன கல்யாணப் பந்தியில் முதல் வரிசையா? ஓடைவாயில் நிற்பவனுக்குக் கை நடுங்கினால் முதலில் சாகப்போவது நான். இதைப் புரிந்துகொள்ளாதவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

சகலை புதுத் துப்பாக்கி வாங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அது நடந்தது. பஹ்ரியிடம் அப்போது இருந்தது ரெட்டைக்குழல். பெரிய ஆண் பன்றி ஒன்று ஓடைவாயில் வெளியே வந்தது. இரண்டு குழலையும் சுட்டார், ஒன்று பட்டது. பட்ட பன்றி முன்னால் ஓடாமல் வந்த வழியே திரும்பியது. அவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து அடுத்த தோட்டாக்களுக்காகப் பைக்குள் கைவிட்ட நேரத்தில் அது என்னை எட்டிவிட்டது. என் வலது தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. பஹ்ரி என்னை முதுகில் போட்டுக்கொண்டு பனியில் இறங்கி மினிபஸ்ஸில் கிடத்தினார். அன்றைக்கு மட்டும் அவர் வண்டிக் கதவை அறைந்து சாத்தினார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு நினைவில்லை.

கால் வளைந்துவிட்டது, ஆனால் நடக்கிறேன், மலையும் ஏறுகிறேன். நான் ஒரு நாளும் அவரைக் குறை சொன்னதில்லை. குறை சொன்னது என் மனைவி. ஒரு வருஷம் அவள் அவரோடு பேசவில்லை. அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வாள். அவரும் என் காலைப் பார்க்க மாட்டார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசுவார். கோடையில் ஒரு நாள் கொல்லையில் களை எடுக்கும்போது, யாரிடமோ சொல்வதுபோல் மண்வெட்டியிடம் சொன்னார். "மூணாவது ஒண்ணு இருந்திருந்தா, சகலை."

அவ்வளவுதான். அன்று முதல் அவர் ஆட்டோமேட்டிக் துப்பாக்கி வாங்கப் புறப்பட்டுவிட்டார். சட்டப்படி வேட்டைக்காரனுக்கு மூன்று தோட்டாக்கள் உண்டு. துப்பாக்கியின் தோட்டாக் கூட்டுக்குள் இரண்டு, குழலில் ஒன்று. விசையை இழுக்க இழுக்க அதுவே காலித் தோட்டாவைத் தூக்கி எறிந்து அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். மடிக்கவும் வேண்டாம், பைக்குள் கைவிடவும் வேண்டாம். ராசிம் அண்ணனும் சூசகமாகச் சொல்லியிருந்தார், ஓடைவாய்க்கு இனி ஆட்டோமேட்டிக்தான் நல்லது என்று. அந்த வரிசையில் ஏற்கனவே ஆட்டோமேட்டிக் வைத்திருந்தவர்களில் வேகமானவன் வோல்கான், மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்யும் இளந்தாரி. நல்ல பையன்தான். ஆனால் சட்டியில் சோளம் பொரிவதுபோல் மூன்றையும் ஒரே மூச்சில் பொரித்துவிடுவான். அவன் நிற்கிற வாய்க்கு நான் பன்றியை விரட்டிக்கொண்டு போவதா? அதற்கு வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம். பஹ்ரி அந்த இடத்தை இழந்தால் நானும் புதருக்குள் இறங்க மாட்டேன் என்று முடிவு செய்திருந்தேன். அவருக்கும் அது தெரியும்.

ஏழு மாதம் தேடினார். டீக்கடையில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். ஒரு பெட்டித் தோட்டாகூடத் தீர்த்திராதவன் எல்லாம் குழல் நீளம் பற்றி வகுப்பு எடுத்தான். பஹ்ரி எல்லாரையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பிறகு டவுனில் தூஃபானுடைய துப்பாக்கிக் கடைக்குப் போய் முதலிலிருந்து விசாரிப்பார். தூஃபான் பொறுமைசாலி. ஆறாவது தடவை நானும் முனிரேயும் கூடப் போனோம். முனிரே தானாகவே வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். சோளம் என்னுடையது, துப்பாக்கியை நான் பார்க்காமல் யார் பார்ப்பது என்றாள்.

தூஃபான் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு வகை, சுட்ட தோட்டாவின் புகையைக் கொஞ்சம் திருடி அதன் பலத்தில் அடுத்ததை ஏற்றும். தோளுக்கு உதை குறைவு, ஆனால் உள்ளே கரி படியும், ஓயாமல் பிரித்துத் துடைக்க வேண்டும். இன்னொரு வகை, துப்பாக்கி பின்னால் உதைக்கிற அந்த உதையாலேயே ஏற்றிக்கொள்ளும். உதை பலம், உள்ளே சுத்தம், மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாது. பஹ்ரி வண்டிக்காரர் இல்லையா, பழைய டீசல் இன்ஜினைப் பற்றி விசாரிப்பதுபோல் விசாரித்தார். குளிரில் எண்ணெய் உறைந்தால் என்ன ஆகும், ஒரு வருஷம் துடைக்காமல் விட்டால் எது முதலில் நிற்கும், எந்த ஸ்பிரிங் முதலில் சாகும். தூஃபான் சுற்றி வளைக்காமல் பதில் சொன்னான்.

கடைசியில் உதையால் ஏற்றும் வகைதான் என்றார். எங்கள் மலையில் நாள் முழுக்க ஈரம், துடைத்துக்கொண்டே இருக்க முடியாது. சரியான யோசனை. மரக்கட்டையா, கறுப்பு பிளாஸ்டிக்கா என்பதில் இரண்டு மணி நேரம் போனது. மரம் அழகு என்றேன் நான். பன்னிக்கு எதுக்கு அழகு என்றாள் முனிரே. பிளாஸ்டிக் என்று முடிந்தது. பிறகு தூஃபான் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னான். துப்பாக்கி ஆளுக்குப் பொருந்தினால், திறந்த கண் நேராகக் குழலின் நுனிக் குமிழைப் பார்க்கும். பொருந்தாவிட்டால் வேறெங்காவது பார்க்கும். முதல் தடவை அவர் கண் கூரையைப் பார்த்தது. தூஃபான் கட்டைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகட்டை மாற்றினான். பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ, கண்ணைத் திறந்தவர் அசையாமல் நின்றார். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. முனிரேயிடம் இதைச் சொல்லவில்லை.

தூஃபான் கடைசியாக, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கிற போல்ட்டை இழுத்துக் காட்டி அதன் பொத்தானை அழுத்தினான். போல்ட்டு டமாரென்று முன்னால் அறைந்து மூடியது. பஹ்ரி தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"இவ்வளவு சத்தம் தேவையா தம்பி?"

"அதோட சுபாவம் அப்படிதாண்ணே. விட்டுரணும்."

 முட்டுகிற மாடுள்ள வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் பஹ்ரி அதை ஒரு பார்வை பார்த்தார். நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

புதுச் சாமான் வாங்கினால் அதை நனைக்க வேண்டும். நனைப்பது என்றால் ஊருக்குத் தின்னக் கொடுப்பது. வால்நட்டும் திராட்சையும் வைத்துச் சுருட்டிய நொகுலை முனிரே இரண்டு தட்டு சுட்டாள். டீக்கடையே தின்றது. தின்றுகொண்டே எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்து ஒரு குறை சொன்னார்கள். குறை சொல்லாமல் நொகுல் இறங்காது எங்கள் ஆட்களுக்கு.

முதல் பனி விழுந்த வாரத்தில் முதல் விரட்டு. ரெட்டைக்குழலை மடித்துத் தோளில் போட்டால் அது காலி என்று ஊருக்கே தெரியும். ஆட்டோமேட்டிக்கில் அப்படித் தெரியாது. அதனால் ராசிம் அண்ணன் வைத்த விதி, நடக்கும்போது போல்ட்டு திறந்தே இருக்க வேண்டும், இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் தோட்டா போட்டு மூட வேண்டும். பஹ்ரி ஓடைவாயில் நின்றார். காடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் டமாரென்று அறைய அவருக்கு மனம் வரவில்லை. பன்றி கேட்டுவிடுமே என்ற பயம் பாதி, முப்பது வருஷப் பழக்கம் பாதி. போல்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டே, தூங்குகிற குழந்தைக்குப் போர்வை இழுத்து விடுவதுபோல், மெல்லக் கொண்டுபோய் வைத்தார்.

நான் விரட்டிய பன்றி அவருக்கு இருபது அடியில் வெளியே வந்தது. விசையை இழுத்தார். டிக் என்றது. வேறொன்றும் நடக்கவில்லை. பன்றி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடையைத் தாண்டி முனிரேயின் கொல்லைப் பக்கமாகவே போனது.

விரட்டு முடிந்ததும் ஊற்றுக்குப் பக்கத்தில் தீ மூட்டி எல்லாரும் கூடுவோம். அவரவர் இடத்தில் நடந்ததை அவரவர் வாயால் சொல்ல வேண்டும். குறி தப்பலாம், தூங்கிப் போயிருக்கலாம், எதையும் மன்னிப்பார் ராசிம் அண்ணன். பொய்யை மட்டும் மன்னிக்க மாட்டார். பஹ்ரியின் முறை வந்தது. சுடவில்லை, டிக் என்றது என்றார். வோல்கான் உடனே கைகொடுத்தான். தோட்டா ஈரமாகியிருக்கும், தனக்கும் அடிக்கடி அப்படி ஆகும், இந்தத் தோட்டாக் கம்பெனிகளே மோசம் என்றான். நல்ல வழி திறந்திருந்தது. நுழைந்து போயிருக்கலாம். பஹ்ரி பையிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்துத் தீயின் வெளிச்சத்தில் அதன் பின்பக்கத்தைக் காட்டினார். ஊசி குத்திய தடமே இல்லை.

"தோட்டா மேல பழி இல்ல. தப்பு துப்பாக்கியா நானான்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் வந்து சொல்றேன்."

அடுத்த விரட்டுக்கு ஓடைவாயில் யார் என்று ராசிம் அண்ணன் அன்று என்னைக் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டது அதுதான் முதல் முறை. டீக்கடையில் மறுநாளே கதை கட்டிவிட்டார்கள். பஹ்ரி பன்றியைப் பார்த்து, போறப்ப கதவ மெதுவா சாத்திட்டுப் போ என்று சொன்னாராம். நான் ஒரு டீக் கிளாஸை உடைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பழைய கல்குவாரிக்குப் போனோம். நான் மினிபஸ் படியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். வேறு தோட்டா, ஈரத் தோட்டா, கையுறையோடு, கையுறை இல்லாமல். பொத்தானை அழுத்திப் போல்ட்டை அறைய விட்டபோது மண்மேட்டில் குண்டு பாய்ந்தது. மறுபடியும் பாய்ந்தது. பிறகு, காட்டில் செய்ததுபோலவே மெல்லக் கொண்டுபோய் மூடினார். டிக். மெல்ல மூடினால் போல்ட்டின் தலை கடைசி அரைச் சுற்று சுற்றிப் பூட்டிக்கொள்வதில்லை. பார்த்தால் மூடியதுபோல் இருக்கும், பூட்டியிருக்காது. பூட்டாத துப்பாக்கி சுடாது.

நான்கு முறை செய்து பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டார். அப்புறம் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

"முப்பது வருஷமா ஊருக்கே கதவு சாத்தக் கத்துக் குடுத்தேன், சகலை. இந்த ஒண்ணுக்கு என் பாசஞ்சருங்க கைதான் சரி."

"தெனம் உங்க கதவ அறையுற பால்காரன் பொண்டாட்டிகிட்ட குடுங்க. ஒரு அடியில பூட்டிரும்."

அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போனார். உட்காரவில்லை. நடுவில் நின்று, துப்பாக்கியில் குறையில்லை, தோட்டாவில் குறையில்லை, தப்பு என் கையில் என்று சொல்லி, எப்படி என்று செய்தும் காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வோல்கான் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்துபோய், டீயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இன்னும் இரண்டு ஆட்டோமேட்டிக்காரர்கள் கூரைக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பன்றிக்குக் கேட்கக் கூடாதென்று அவர்களும் மெல்ல மூடியவர்கள்தான். நான்கு வருஷமாக ஈரத் தோட்டா, ஈரத் தோட்டா என்று கம்பெனியைத் திட்டியவர்கள். கூட்டம் குறைந்த பிறகு வோல்கான் பஹ்ரியிடம் வந்து, இன்னொரு தடவை காட்டுங்க மாமா என்றான். என் மார்பு விரிந்ததை நான் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ராசிம் அண்ணன் கடை மூலையிலிருந்து என்னைப் பார்த்தார். "இத்ரிஸ், வியாழக்கிழமை ஓடைவாயில யாரு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு யோசிக்க எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

நதிதேயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேரைச் சொன்னால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். அம்மா வீட்டை ஒட்டிய வீட்டில்தான் பஹ்ரி குடியிருக்கிறார் என்று நினைவுபடுத்தினேன். அது அவள் கோபத்தைக் குறைக்கவில்லை. அந்த நேரம் பஹ்ரியே வாசலில் வந்து நின்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்துப் பேசினார். என் காலையும் பார்த்தார்.

"நதிதே, இவன் என் பேரச் சொல்றதா வேண்டாமான்னு நீயும் சொல்லணும். அதான் வந்தேன்."

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீங்க அறைஞ்சு சாத்துவீங்களா? உங்களால ஆவுமா?"

"ஆவும்."

"எங்க, இந்தக் கதவச் சாத்துங்க பாப்போம்."

பஹ்ரி எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்தார். செஸ்ட்நட் மரக் கதவு இல்லை, சாதாரணப் பலகைக் கதவு. கையை ஓங்கி ஒரே அறை. சுவரில் மாட்டியிருந்த மாமியார் தந்த பீங்கான் தட்டு கீழே விழுந்து மூன்று துண்டானது. அவர் கதவுக்கு வெளியே நின்றார், நாங்கள் உள்ளே. நதிதே கொஞ்ச நேரம் துண்டுகளையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, உள்ள வாங்க, டீ ஆறிடும் என்றாள். அடுப்பில் டீயே இல்லை. அதற்குப் பிறகுதான் போட்டாள்.

வியாழக்கிழமை நான் நாய்களோடு புதரின் அடியில் நின்றேன். ஆட்கள் மேலே இடத்துக்குப் போய்ச் சேர நேரம் ஆனது. முதலில் ஓடைவாயிலிருந்து டமார் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மேட்டு வரிசையில் இன்னொரு டமார், அடுத்து இன்னொன்று. டவுன் பஸ் ஸ்டாண்டில் காலை நேரம்போல் மலை முழுக்க அறைந்து சாத்தினார்கள். பன்றிகள் அசையவில்லை. சத்தம் கேட்டால் அவை புதருக்குள் இன்னும் அழுந்திப் படுத்துக்கொள்ளும், ஓடாது. இத்தனை வருஷம் நாங்கள்தான் வீணாகப் பூனை நடை நடந்திருக்கிறோம். நான் தொண்டையைத் திறந்து ஒரு கூச்சல் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் நாய்கள் ஒன்றைக் கிளப்பின. பெரிய ஆண் பன்றி. கத்திக்கொண்டே அதன் பின்னால் ஓடையில் ஏறினேன். முட்டளவுத் தண்ணீர், உருண்டைக் கல், என் வளைந்த கால். ஓடைவாய்க்கு முப்பது அடி இருக்கும்போது முதல் வெடி கேட்டது. உடனே இரண்டாவது. நான் வளைவில் திரும்பியபோது பன்றி எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. பின்னங்காலில் பட்டு, போன வருஷம்போலவே திரும்பிவிட்டது.

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். எனக்கு முன்னால் பன்றி. பன்றிக்கு நேர் பின்னால், பாறைமேல் பஹ்ரி. துப்பாக்கியின் வாய் பன்றியையும் என்னையும் ஒரே கோட்டில் பார்த்தது. அந்தக் கறுப்பு வட்டத்தை நான் பார்த்தேன். அதற்குள் மூன்றாவது தோட்டா இருப்பது எனக்குத் தெரியும், ஏழு மாதம் அதற்காகத்தானே அலைந்தோம். பன்றிக்கும் எனக்கும் நடுவே பத்து அடி. அந்தக் கறுப்பு வட்டம் மேலே ஏறியது. வானத்தைப் பார்த்து நின்றது.

"இத்ரிஸ், எடதுபக்கம் பாற மேல ஏறு."

அதுவரை அந்த மனிதர் கத்தி நான் கேட்டதேயில்லை. கால் என்னைக் கேட்காமல் ஏறியது. நாய்கள் பன்றியின் காதைப் பிடித்தன, அது உதறிக்கொண்டு என் பாறையை உரசித் தாண்டி, சரிவில் மேலே ஓடியது. அங்கே வோல்கான் நின்றிருந்தான். அவன் ஒரே ஒரு தோட்டா சுட்டான். அது போதுமாக இருந்தது.

ஊற்றுத் தீக்கு முன்னால் எல்லாரும் வோல்கானின் முதுகில் தட்டினார்கள். தட்ட வேண்டியதுதான், ஒரே தோட்டாவில் நிறுத்தியிருக்கிறானே. ஊரில் இன்றைக்கும் கேட்டால் அது வோல்கானின் பன்றி என்பார்கள். பஹ்ரியின் முறை வந்தபோது பாதிப்பேர் கவனிக்கக்கூட இல்லை.

"மூணு போட்டேன். ரெண்டு சுட்டேன். ஒண்ணு தப்பு, ஒண்ணு பின்னங்கால்ல. மூணாவது குழல்ல இருந்துச்சு, சுடல. பன்னிக்குப் பின்னாடி இத்ரிஸ் நின்னான்."

டீக்கடை செர்மெத் சும்மா இருக்க மாட்டான். மூணாவது தோட்டாவுக்காக ஏழு மாசம் கடைகடையா ஏறி இறங்கிட்டு, அதையே சுடாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறியேப்பா என்றான். சிலர் சிரித்தார்கள். பஹ்ரி போல்ட்டை இழுத்து அந்தத் தோட்டாவை வெளியே எடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, செர்மெத்தைப் பார்த்து, கோபமில்லாமல் கேட்டார்.

"போன வருஷம் எங்கிட்ட மூணாவது இல்ல, அதனால சுடல. இந்த வருஷம் இருந்துச்சு, சுடல. ரெண்டும் ஒண்ணா செர்மெத்?"

செர்மெத் தீயில் ஒரு விறகைத் தள்ளினான்.  நான்தான் அவனுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், ஊரிலேயே பெரிய தொண்டை என்னுடையது. ஆனால் அன்று அதற்கு வேலை இருக்கவில்லை. அந்தக் கேள்வியைக் காதால் கேட்டுக்கொண்டு, என் சகலைக்குப் பக்கத்தில், நான் உயிரோடு உட்கார்ந்திருந்தேன்.